குப்பையைப் பகிரும் ஊர்கள் செலவை எவ்வாறு பகிர்வது?

மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உத்தர்பாரா, கொன்னகர், ரிஷ்ரா, ஸ்ரீராம்பூர், வைத்யபாடி, சாம்ப்தானி ஆகிய நகராட்சிகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூரார் அறிவது கடினம். அத்தகைய நெருக்கத்தில் ஒவ்வொரு நகராட்சியும் தனக்கெனக் குப்பைக்கிடங்கு அமைக்க நிலத்திற்கு எங்கே போகும்? ஆறு நகராட்சிகளும் இணைந்து, ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் கூட்டுத் திட்டம் ஒன்றை மேற்கொண்டன. மக்கும் குப்பையை அந்தந்த ஊரிலேயே உரமாக்குவது, எஞ்சியதை வைத்யபாடி அருகே அமைந்த பொதுக்கிடங்கில் சேர்ப்பது என்பதே அதன் ஏற்பாடு.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இவ்வழியையே காட்டின. ஐந்து இலட்சத்திற்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்கள் பொதுவான அல்லது வட்டார அளவிலான கிடங்குகளை அமைத்துக்கொள்ள வேண்டும் என்று அவை கூறின. நிலம், எடைமேடை, தரம் பிரிக்கும் இயந்திரம், கழிவுநீர் மண்ணில் இறங்காமல் தடுக்கும் அடித்தளம் ஆகியவற்றைத் தனியாக ஏற்படுத்தும் வசதி சிறு நகராட்சிகளுக்கு இல்லை. கூடிச் செய்வதே சிக்கனம் என்பதில் ஐயமில்லை. செலவை எந்த அளவில் பகிர்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது.

கட்டுவதற்கான பணத்திற்கு இன்று வழிகள் பல உள்ளன. 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம் நகரங்களுக்கு நிதியுதவி அளிக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு, ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 60 விழுக்காட்டைத் துப்புரவுக்கும் குடிநீருக்கும் என ஒதுக்கி வைத்தது. கடன் சந்தையை நாடவும் வழியுண்டு. தமிழ்நாட்டில் 2002ஆம் ஆண்டில், தனித்தனியே சந்தைக்குச் செல்ல இயலாத 13 சிறு, நடுத்தர நகர உள்ளாட்சிகள் ஒரு பொது நிதியத்தின் வாயிலாக 30 கோடி ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட கடன் பத்திரங்களை வெளியிட்டன. அது குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான கடன். எனினும் சிறிய ஊர்கள் ஒன்று சேர்ந்தால் முதலீட்டாளர்களின் நம்பிக்கையைப் பெற முடியும் என்பதை அது காட்டியது.

ஆனால், மானியமும் கடனும் கட்டடத்தை எழுப்பிக் கொடுக்கும். மாதந்தோறும் வண்டிக்கு டீசலும் தொழிலாளர்க்கு ஊதியமும் தரமாட்டா. அவற்றிற்குப் பயனாளர் கட்டணமே நிலையான வருவாய். கேரளத்தில் பெரும்பாலும் பெண்களைக் கொண்ட ஹரித கர்ம சேனை, வீடுகளிலிருந்து மக்காத குப்பையைத் தரம் பிரித்துப் பெறுகிறது. அதற்கு ஊராட்சிப் பகுதிகளில் மாதம் 50 ரூபாய் என்ற அளவில் வீட்டாரிடம் கட்டணம் பெறப்படுகிறது. கட்டணம் செலுத்தாதவரிடமிருந்து அதனைச் சொத்து வரியுடன் சேர்த்து வசூலிக்கவும் அம்மாநிலம் சட்டத்தில் இடம் அளித்துள்ளது.

இதன் தேவையை எளிய கணக்கால் உணரலாம். 25,000 வீடுகள் உள்ள ஊரில் அனைவரும் 50 ரூபாய் செலுத்தினால் மாதம் 12.5 இலட்சம் ரூபாய் சேரும். பத்து வீடுகளில் நான்கு வீட்டார் செலுத்தத் தவறினால் 7.5 இலட்சமே கிடைக்கும். கூட்டுத் திட்டத்தில் ஓர் ஊரின் இத்தகைய பற்றாக்குறை, ஒழுங்காகச் செலுத்தும் அண்டை ஊர்களின் சுமையாக மாறிவிடுகிறது.

இனி, பங்கீட்டைப் பார்ப்போம். மூன்று ஊர்கள் ஒரு பொதுக்கிடங்கைப் பயன்படுத்துவதாகவும், அதன் மாதச் செலவு 20 இலட்சம் ரூபாய் எனவும் கொள்வோம். மக்கள்தொகை முறையே ஒரு இலட்சம், 60,000, 40,000. மக்கள்தொகைப்படி பகிர்ந்தால் அவை 10 இலட்சம், 6 இலட்சம், 4 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். இரண்டாம் ஊரார் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரித்து, மாதம் 320 டன் மட்டுமே அனுப்புகின்றனர். மற்ற இரண்டு ஊர்களும் முறையே 1,200 டன்னும் 480 டன்னும் அனுப்புகின்றன. எடைப்படி பகிர்ந்தால் டன்னுக்கு 1,000 ரூபாய் ஆகும். இரண்டாம் ஊரின் பங்கு 6 இலட்சத்திலிருந்து 3.2 இலட்சமாகக் குறைந்துவிடும். உழைத்தவர்க்குப் பயன் கிடைப்பதால் இதுவே நீதி என்று தோன்றும்.

இதிலும் ஓர் இடர் உண்டு. மூன்று ஊர்களும் நன்கு தரம் பிரித்தால் கிடங்கிற்கு வரும் எடை சுருங்கும். ஆயினும் கடன் தவணையும் காவலர் ஊதியமும் குறையா. ஆகவே, நம் மின்கட்டணத்தில் சில இனங்களுக்கு உள்ளதுபோல் இரு பகுதிக் கட்டணமே பொருத்தமானது. மாறாச் செலவான 12 இலட்சத்தை மக்கள்தொகைப்படியும், மாறும் செலவான 8 இலட்சத்தை எடைப்படியும் பகிர்ந்தால், முதல் ஊருக்கு 10.8 இலட்சம், இரண்டாம் ஊருக்கு 4.88 இலட்சம், மூன்றாம் ஊருக்கு 4.32 இலட்சம் ரூபாய் வரும். கிடங்கின் அடிப்படைச் செலவுக்கு உறுதி கிடைக்கிறது. தரம் பிரிக்கும் ஊருக்கும் ஆதாயம் நிற்கிறது.

கிடங்கு அமைந்த ஊரையும் மறத்தல் ஆகாது. பிற ஊர்களின் வண்டிகள் அதன் சாலைகளில்தான் ஓடுகின்றன. வாடையை நுகர்வோரும் அவ்வூராரே. சாலைப் பராமரிப்புக்கு ஒரு தொகையோ, அவ்வூரின் பங்கில் ஒரு தள்ளுபடியோ உடன்படிக்கையில் முதலிலேயே இடம்பெற வேண்டும். இல்லையெனில் வண்டிகள் மறிக்கப்படும் நாளில்தான் அப்பேச்சு தொடங்கும்.

உடன்படிக்கையைக் காப்பதில் வங்கிக்கும் பங்குண்டு. ஒவ்வோர் உள்ளாட்சியின் வருவாயிலிருந்தும் உரிய பங்கு முதலில் ஒரு தனிக் கணக்கிற்குச் சென்று, அங்கிருந்தே கிடங்கின் செலவுகளும் கடன் தவணைகளும் வழங்கப்படுமாறு ஏற்பாடு செய்யலாம். எடைமேடையின் பதிவும் அக்கணக்கின் வரவு செலவும் எல்லா ஊர்மன்றங்களின் பார்வைக்கும் மாதந்தோறும் வைக்கப்பட்டால், ஐயங்களுக்கு இடமிராது.

வாடிக்கையாளராகிய நாம் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். இந்தூரில் 2022இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஆலை இயங்குவதற்கு, அந்நகரத்தார் தத்தம் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுப்பது அடிப்படையாக உள்ளது. நம் ஊரின் பங்குத்தொகையைக் கூட்டுவதும் குறைப்பதும் எடைமேடையில் ஏறும் வண்டியே. அவ்வண்டியில் சேரும் எடை நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. அடுத்த முறை வரிச்சீட்டு வரும்போது, குப்பைக் கட்டணம் எந்தக் கணக்கிற்குச் செல்கிறது, எவ்வாறு பகிரப்படுகிறது என்று நம் வார்டு உறுப்பினரிடம் கேட்போம். கட்டணத்தைச் செலுத்துவோர்க்கு அக்கேள்வியை எழுப்பும் உரிமையும் உண்டு.