ஆறாவது கேள்வி

மலேசிய அரசு சுகாதார கிளினிக்குகளில் மனச்சோர்வைக் கண்டறிய பி.எச்.கியூ-9 என்ற தாள் ஒன்றைக் கொடுப்பார்கள். ஒன்பதே கேள்விகள். தூக்கம், களைப்பு, பசி என்று உடம்பைக் கேட்டுக்கொண்டே வந்து, ஆறாவது கேள்வி நெஞ்சுக்குள் கை விடும்: நான் தோற்றுப்போனவன், என் குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் தோன்றியது? கெடாவில் சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் பக்கத்து நம் பிள்ளைகள் பலருக்கு மற்ற எட்டையும் விட இந்த ஒன்றுதான் கனமானது. இதற்கான பதிலைப் பெரியவர்கள் நாம்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

புகுமுக வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாவிட்டால், முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு அந்த வகுப்பில் உட்கார வேண்டும். மொழியைப் பலப்படுத்தத்தான் அந்த ஆண்டு. ஆனால் 13 வயதுப் பையனுக்கு அது தண்டனையாகத்தான் தெரிகிறது. அடுத்த வருடம் தன்னைவிடச் சின்னவர்களோடு முதலாம் படிவத்தில் உட்காருகிறான். கல்யாண வீட்டுப் பந்தியில் மாமா, "எந்தப் படிவம்டா?" என்று கேட்கும்போது, இலையைப் பார்த்தபடியே முணுமுணுக்கிறான். அம்மா முந்திக்கொள்கிறார்: "பெரியப்பா மகன் எஸ்பிஎம்-ல எட்டு ஏ. இது எங்க உருப்படப் போவுது!" அம்மாவுக்கு அது அன்றைய ஆற்றாமை, அவ்வளவுதான். பையனோ அதைப் பல வருடம் சுமக்கிறான்.

அந்தச் சுமையை இறக்கிவைக்க இன்று அவனுக்குப் பக்கத்தில் ஆளில்லை. தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. ரப்பர் போய் செம்பனையும் தாமானும் வந்தன. லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் பல மலிவு விலை அடுக்குமாடிகளில் ஒண்டிக்கொண்டன. அப்பா லாரியில், அம்மா கூலிம் தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்டில். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கதவைத் திறக்க ஆளில்லை. லயத்தில் வறுமையும் இருந்தது, கள்ளும் இருந்தது. அந்த வாழ்க்கையைப் புகழ நான் தயாரில்லை. ஆனால் ஒரு பையன் வாசற்படியில் முகம் வாடி உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீட்டு அத்தை, "என்னய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்காமல் போகமாட்டார்.

கடாரம் என்ற இதே கெடா மண்ணில் தன்மானம் ஒரு காலத்தில் கூட்டாகத்தான் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டினார். தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்து நடந்தார்கள், கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். 1947-இல் காலனி அரசு அதைக் கைதுகளாலும் பலத்தாலும் அடக்கியது. ஆனால் கூலி என்று கூப்பிடப்பட்டவர்கள் அதற்குள் நிமிர்ந்து நடந்து பார்த்துவிட்டார்கள். ஒருவன் நிமிர, பக்கத்தில் இன்னொருவன் நிமிர்ந்திருந்தான். இன்று தனியறையில் கைப்பேசியோடு கிடக்கும் பிள்ளையிடம் "உன்னை நம்பு" என்று மட்டும் சொன்னால் எப்படி முளைக்கும் நம்பிக்கை?

2022-இல் நாடு முழுவதும் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி தெரிந்தது. இது சோம்பேறித்தனமும் அல்ல, திமிரும் அல்ல. கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டுங்கள், தவறில்லை; அதோடு நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. உயிரை விட முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை 2023-இல் நாடாளுமன்றமே நீக்கிவிட்டது. போலீஸ் வழக்குக்குப் பயந்து மறைத்த காலம் முடிந்தது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயத்தையும் நாம் விட்டாக வேண்டும்.

பிள்ளை இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது என்றால் அருகிலுள்ள அரசு கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். "செத்துப்போகலாம் போல இருக்கு" என்று ஒரு முறை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போனில் பேச 15555 என்ற அரசு உதவி எண்ணும், பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-76272929 என்ற எண்ணும் இருக்கின்றன. இன்றே குறித்து வையுங்கள்.