பூ எந்தக் கிளையில் வரும்?

கேமரன் மலைக்குச் சென்றவர்கள், நீலமும் இளஞ்சிவப்புமாகப் பந்துபோல் பூத்திருக்கும் ஹைட்ரேன்ஜியாவைப் பார்த்திருப்பீர்கள். இதன் தாயகம் ஜப்பான். அங்கு இதனை ‘அஜிசாய்’ என்பர். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் பூக்கும். கமக்குரா நகரின் மெய்கெட்சு-இன் கோயில் இப்பூக்களுக்குப் பெயர் பெற்றது.

செடி செழிப்பாக வளர்ந்தும் சில ஆண்டுகளில் பூப்பதே இல்லை. உரம் போதவில்லையோ என்று நினைப்போம். பல வேளைகளில் உண்மைக் காரணம், தவறான நேரத்தில் செய்த கவாத்து.

தேயிலைத் தோட்டங்களில் வழங்கும் சொல்தான் கவாத்து. கிளைகளை அளவாக வெட்டிவிடுவது என்று பொருள். தேயிலையை வெட்டுவது இலைக்காக. புதுத் துளிர் வந்தாலே போதும். பூச்செடிக்கு அது போதாது.

ஹைட்ரேன்ஜியா, அடுத்த ஆண்டுப் பூவை இந்த ஆண்டே தயாரித்துவிடுகிறது. கோடை முடிந்து பகல் குறைந்து, இரவு குளிரத் தொடங்கும்போது கிளை நுனியில் பூமொட்டு உருவாகிறது. இலைகள் உதிர்ந்தாலும் அந்த மொட்டு குளிர்காலம் முழுவதும் உறங்கி, வசந்தத்தில் விழிக்கிறது. வெறும் குச்சியாக நிற்கிறதே என்று அப்போது நுனிகளை வெட்டினால், பின்னர் இலைகள் தழைக்கும், பூ வராது. ஓராண்டு உழைப்பு வீணாகும்.

அதனால்தான் ஜப்பானில் பூ வாடத் தொடங்கியதும், ஜூலை இறுதிவாக்கில் கவாத்து செய்கிறார்கள். பூவுக்குக் கீழே உள்ள இரண்டாவது இலைச் சோடிக்குச் சற்று மேலே வெட்டுவது வழக்கம். அந்த இலைக்கணுவிலிருந்து வரும் கிளை, குளிர் தொடங்குமுன் வளர்ந்து மொட்டு வைக்க நேரம் கிடைக்கும்.

எல்லா வகைக்கும் இதே விதி பொருந்தாது. கூம்பு வடிவில் பூக்கும் ‘பானிகுலாட்டா’, அமெரிக்காவின் வெள்ளை ‘அனபெல்’ ஆகியவை வசந்தத்தில் துளிர்க்கும் புதுக்கிளையில் பூப்பவை. அவற்றைக் குளிர்காலத்தின் கடைசியில் தயங்காமல் வெட்டலாம்.

உங்கள் செடி எந்த வகை என்று தெரியவில்லையா? ஓராண்டு வெட்டாமல் கவனியுங்கள். பூ பழைய கிளையில் வருகிறதா, புதிய கிளையில் வருகிறதா என்று குறித்து வையுங்கள். குளிர்காலம் இல்லாத நம் நாட்டில் வெளிநாட்டு நூல்கள் சொல்லும் மாதங்கள் அப்படியே பொருந்தா. மொட்டு எங்கே, எப்போது உருவாகிறது என்பதை அறிந்தவருக்கு நாட்காட்டி தேவைப்படாது.