தாலித் தட்டை ஏந்தும் கைகள்



நம் குடும்பங்களில் திருமணம் நிச்சயமானதும் நலங்கு வைக்க, ஆரத்தி எடுக்க, தாலித் தட்டை ஏந்திவர யார் யார் என்று பேசி முடிவு செய்கிறோம். அந்தப் பேச்சில் கணவரை இழந்த பெண்களின் பெயர் வருவதில்லை. மணமகனின் தாயே கைம்பெண் என்றால், அவருக்குப் பதிலாக அத்தையோ சித்தியோ முன்னால் நிற்கிறார். தனியாளாய் உழைத்து மகனை ஆளாக்கிய தாய், அவன் திருமணத்தன்று தூண் ஓரமாக நிற்கிறார். "தள்ளி நில்லுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை, அவரே ஒதுங்கிக்கொள்கிறார். அந்த அளவுக்கு இந்த வழக்கம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. இதை நாம் தொடரலாமா என்று இறைவார்த்தையின் ஒளியில் சிந்திப்போம்.

இயேசு மரபைச் சோதித்த விதம்

மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில், சீடர்கள் கை கழுவாமல் உண்பதைப் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் குறை கூறுகின்றனர். மூதாதையர் மரபை ஏன் மீறுகிறார்கள் என்று கேட்கின்றனர். ஆண்டவர் பதிலுக்கு அவர்களுடைய 'கொர்பான்' வழக்கத்தை எடுத்துக்காட்டுகிறார். ஒருவர் தம் பொருளை 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டால், அதைக் கொண்டு தாய் தந்தைக்கு உதவ அவரை விடுவதில்லை. கடவுளின் பெயராலேயே கடவுளின் கட்டளை மீறப்பட்டது.

இயேசு எல்லா மரபுகளையும் தள்ளிவிடவில்லை. வழக்கப்படி ஓய்வுநாளில் தொழுகைக்கூடம் சென்றார். சீடர்களோடு பாஸ்கா விருந்து உண்டார். ஆனால் ஒரு மரபு பெற்ற தாயையும் தந்தையையும் கைவிடச் செய்தபோது, அதைக் கண்டித்தார். இந்த அளவுகோலை நாமும் கையில் எடுக்க வேண்டும். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் (எண் 37) இதற்கு ஒத்த வழியையே காட்டியது. மூடநம்பிக்கையோடும் தவறோடும் பிரிக்க முடியாதபடி பிணைந்திராத மக்கள் வழக்கங்களைத் திருச்சபை பரிவோடு ஆராய்ந்து, இயன்றவரை பேணிக் காக்கிறது.

எதைக் காப்போம், எதை விடுவோம்?

துக்க வீட்டு வழக்கங்களில் நல்லவையும் உண்டு. பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவருவது, "உனக்கு நாங்கள் இருக்கிறோம்" என்று அந்தச் சகோதரிக்குச் சொல்லும் ஆதரவு. அதைக் காப்போம். ஆனால் அழுது ஓய்ந்தவரைக் கூட்டத்தின் நடுவே உட்காரவைத்து, பூவையும் பொட்டையும் அகற்றி, வளையலை உடைப்பதில் எந்த ஆதரவும் இல்லை. பூவும் பொட்டும் திருமணத்துக்கு முன்பே, சிறு வயதிலிருந்தே அவர் அணிந்தவை. தாலியைக் கழற்றுவதா, வைத்திருப்பதா என்பதை அவரே அமைதியாக முடிவு செய்யட்டும்.

கைம்பெண் முன்னால் வந்தால் மணமக்களுக்கு ஆகாது என்ற அச்சம் இன்னும் ஆழமான கேள்வியை எழுப்புகிறது. திருமணம் ஓர் அருளடையாளம். மணமக்களுக்கு அருள் கிறிஸ்துவிடமிருந்து வருகிறது. பீடத்தின் முன் அதை நம்பிவிட்டு, ஒரு தாயின் கை பட்டால் அந்த வாழ்வு கெட்டுவிடும் என்று வீட்டில் அஞ்சினால், சகுனத்துக்குக் கிறிஸ்துவைவிட அதிக வல்லமை இருப்பதாக நாம் சொல்கிறோம். திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2111) மூடநம்பிக்கை உண்மைக் கடவுளுக்கு நாம் செலுத்தும் வழிபாட்டையும் பாதிக்கும் என்று எச்சரிப்பது இதனால்தான்.

நற்செய்தியில் கைம்பெண்கள்

குழந்தை இயேசுவைப் பெற்றோர் கோவிலில் அர்ப்பணிக்கக் கொண்டுவந்த நேரத்தில் அங்கு வந்து சேர்ந்தவர் அன்னா. ஏழு ஆண்டுகளே கணவரோடு வாழ்ந்த கைம்பெண் (லூக்கா 2:36-38). அவர் எதிரே வந்ததை யாரும் தீய சகுனமாகப் பார்க்கவில்லை. மீட்புக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் குழந்தையைப் பற்றி எடுத்துச் சொன்னவர் அவர்.

கானாவூர் திருமணத்தையும் எண்ணிப் பாருங்கள். அங்கே அன்னை மரியா இருந்தார். யோசேப்பைப் பற்றிய பேச்சே இல்லை. இயேசுவின் பொதுவாழ்வுக்கு முன்பே யோசேப்பு இறந்துவிட்டார் என்பது நம் மரபு. அப்படியானால், இரசம் தீர்ந்து அந்த மணவீடு வெட்கப்படவிருந்த வேளையில் அதைக் கவனித்து, மகனிடம் சொல்லிக் காப்பாற்றியவர் ஒரு கைம்பெண். நமது வழக்கத்தின்படி அவரைத் தூண் ஓரம் நிறுத்தியிருந்தால்?

தொடக்கத் திருச்சபையில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் அதைச் சிறிய காரியம் என்று விடவில்லை. சீடர்களைக் கொண்டு எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்து அந்தப் பணியில் அமர்த்தினார்கள் (திருத்தூதர் பணிகள் 6:1-6).

நாம் செய்யக்கூடியது

பல ஆண்டுகள் ஒதுங்கிப் பழகியவர் தாமாக முன்வரமாட்டார். "எனக்கு எதுக்கப்பா, நீங்க பாருங்க" என்றுதான் சொல்வார். ஆகவே திருமண ஏற்பாடு தொடங்கும்போதே மகனோ மகளோ சென்று, "அம்மா, தாலித் தட்டை நீங்கள்தான் பீடத்துக்கு எடுத்து வர வேண்டும்" என்று கேட்கட்டும். உறவினர் முணுமுணுத்தால் குடும்பத்துப் பெரியவர்கள் அவர் பக்கம் நிற்கட்டும். அன்பியங்களில் வீடு மந்திரிப்பு, வளைகாப்பு போன்ற நல்ல காரியங்களுக்கு இவர்களை முதலில் அழைப்போம். துக்க வீட்டில் ஒரு சகோதரிக்கு இந்தச் சடங்குகளைச் செய்ய யாராவது முனைந்தால், அருகில் இருக்கும் நாம் அன்போடு தடுப்போம்.

நயீன் ஊர் வாயிலில் கைம்பெண்ணின் கண்ணீரைக் கண்டு மனம் இரங்கிய ஆண்டவரே, எங்கள் இல்லங்களில் ஒதுங்கி நிற்கும் தாய்மாரையும் சகோதரிகளையும் காணும் கண்களையும், அவர்களைக் கைப்பிடித்து முன்னால் அழைத்து வரும் துணிவையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.