வெளியுணவு: சுவைக்கும் உபசரிப்பிற்கும் அப்பால்

மருத்துவமனையை நாடி வரும் குடும்பங்களுக்கு வெளியுணவு பெரும்பாலும் தவிர்க்க இயலாத ஒன்று. பொள்ளாச்சியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் கோபிசெட்டிபாளையத்திலிருந்தும் விடியற்காலையில் புறப்பட்டு வருவோர், பரிசோதனைகள் முடிந்தபின் அருகிலுள்ள கடையில்தான் பசியாற வேண்டியுள்ளது. உள்நோயாளிக்குத் துணையாக இருப்போரும் இரவில் கடைவீதிக்குச் சென்று, கிடைத்ததை விரைவாக உண்டு திரும்புகின்றனர். எனவே, 'வெளியில் உண்ணாதீர்கள்' என்ற ஒற்றை வரி அறிவுரையோடு நாங்கள் நின்றுவிட விரும்பவில்லை. எதை, எப்படிப் பார்த்து உண்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் உணவகத்தைப் பற்றி மக்கள் பேசும்போது மூன்றினைக் குறிப்பிடுவர்: சுவை, உபசரிப்பு, விரைவு. 'ஃபுட் பாய்சன்' என்று வழக்கில் கூறப்படும் உணவு நஞ்சாதலால் வருவோரிடம் எங்கு உண்டீர்கள் என்று நாங்கள் கேட்டால், "நல்ல கடைதாங்க டாக்டர், எப்பவும் கூட்டம் இருக்குமுங்க" என்ற மறுமொழியையே பலமுறை கேட்கிறோம். அவர்கள் கூறுவது உண்மையே. ஆயினும், சால்மொனெல்லா போன்ற கிருமி கலந்த உணவின் மணமோ சுவையோ நிறமோ மாறவேண்டியதில்லை. நாக்கு நல்லது என்று சொன்ன உணவே உடலுக்குத் தீங்காக முடியலாம்.

நாமக்கல் தந்த பாடம்

2023 செப்டம்பரில் நாமக்கல் நகரில், ஓர் உணவகத்தில் வாங்கிய ஷவர்மா உள்ளிட்ட உணவுகளை உண்டபின் 14 வயதுப் பள்ளிச் சிறுமி ஒருவர் உயிரிழந்தார். அதே உணவகத்தில் உண்ட நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதைத் தொடர்ந்து மாவட்ட நிர்வாகம் ஷவர்மா விற்பனைக்குத் தற்காலிகத் தடை விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில், கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட 16 வயது மாணவி ஒருவரும் இறந்தார். அங்குப் பாதிக்கப்பட்டோரின் மாதிரிகளில் ஷிகெல்லா என்ற கிருமி கண்டறியப்பட்டது.

ஷவர்மா தயாராகும் முறையைக் கவனித்தால் ஆபத்து எங்குள்ளது என்பது புலப்படும். கம்பியில் அடுக்கிய இறைச்சி, அடுப்பின் முன் சுழன்றுகொண்டே வேகிறது. வெப்பம் முதலில் வெளிப்புறத்தையே அடையும். உட்பகுதி வேகாமல் இருக்கும். வெளிப்புறம் வெந்தபின் சீவி எடுத்து, அடுத்த அடுக்கு வேகும்வரை காத்திருப்பதே முறை. கூட்டம் நெருக்கும்போது அந்தக் காத்திருப்பு சுருங்கி, அரைவேக்காட்டு இறைச்சியும் சீவப்படுகிறது. கூட்டம் இல்லாத வேளையில் அடுப்பைத் தணித்துவிட்டால், அதே இறைச்சி வெதுவெதுப்பான நிலையில் மணிக்கணக்கில் நின்று கிருமிகள் பெருக இடமளிக்கிறது. நாம் பாராட்டும் விரைவே சில வேளைகளில் ஆபத்தின் வாயிலாகிறது.

இது நம் ஊர்க் கடைகளுக்கு மட்டும் உரிய குறை அன்று. 1993இல் அமெரிக்காவில் 'ஜாக் இன் தி பாக்ஸ்' என்ற விரைவு உணவக நிறுவனத்தின் ஹாம்பர்கர்களை உண்ட 700க்கும் மேற்பட்டோர் ஈ.கோலை கிருமியால் பாதிக்கப்பட்டனர்; நான்கு குழந்தைகள் இறந்தனர். இறைச்சி போதிய வெப்பத்தில் வேகவைக்கப்படாததே முதன்மைக் காரணம். பளபளக்கும் கடையும் சீருடைப் பணியாளர்களும் அடுப்பின் வெப்பத்திற்கு ஈடாக மாட்டா என்பதை உலகம் அன்று உணர்ந்தது.

வெப்பமும் நேரமும்

உணவுப் பாதுகாப்பின் அடிப்படை வெப்பமும் நேரமும் ஆகும். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிருமிகள் எளிதில் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருத்தல் கூடாது என்பதும், உணவின் உட்பகுதி 70 டிகிரியையேனும் எட்ட வேண்டும் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

மாலை நேரத் தள்ளுவண்டிகளில் விற்கும் ஃபிரைடு ரைஸை எடுத்துக்கொள்வோம். நண்பகலில் வடித்த சோற்றைத் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து, இரவில் வாணலியில் புரட்டித் தருவதுண்டு. சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நிற்கும் நேரத்தில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. உண்ட சில மணி நேரத்திற்குள் கடும் வாந்தி தொடங்கும். ஆவி பறக்கப் பரிமாறப்பட்டது என்பதால் மட்டும் உணவு பாதுகாப்பானதாகிவிடாது.

மயோனைஸ் இதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு. பச்சை முட்டையில் செய்யப்படும் மயோனைஸ் வேகவைக்கப்படுவதே இல்லை. ஆகவேதான் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது.

கடையில் கவனிக்க வேண்டியவை

உணவகத்தில் நுழைந்ததும் கை கழுவுமிடத்தைப் பாருங்கள். அங்குத் தண்ணீரும் சோப்பும் இல்லையெனில், சமைப்பவரின் கைகளும் அவ்வாறே இருக்கக்கூடும். பணம் வாங்கும் கையே உணவையும் தொடுகிறதா என்று கவனியுங்கள். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியும் பலகையும் வெங்காயத்திற்கும் முட்டைக்கோசுக்கும் பயன்படுகின்றனவா என்பதையும் நோக்குங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

இறைச்சியின் உட்பகுதி இளஞ்சிவப்பாகவோ குளிர்ந்தோ இருந்தால், மீண்டும் வேகவைத்துத் தருமாறு கேட்கத் தயங்காதீர்கள். அது கடைக்காரரை அவமதிப்பதாகாது. "பத்து நிமிடம் பொறுங்க, இன்னும் வேகணும்" என்று சொல்லும் கடைக்காரரைக் கடிந்துகொள்ளாமல் நன்றியோடு பாருங்கள். அவரே உங்கள் நலனைக் காப்பவர்.

யாருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்?

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், கல்லீரல் மற்றும் சிறுநீரக நோயாளிகள், நீரிழிவு உள்ளவர்கள், கருவுற்ற பெண்கள், முதியோர், குழந்தைகள் ஆகியோருக்குச் சிறிதளவு கிருமியும் பெரும் தீங்கு செய்யலாம். இவர்களுக்கு ஷவர்மா, பச்சை முட்டை மயோனைஸ், நறுக்கி வைத்த பழங்கள், வெட்டவெளியில் வைத்த சட்னி ஆகியன வேண்டாம். கண்முன்னே சூடாக வார்த்த தோசை, அப்போதே வேகவைத்த இட்லி போன்றவை அவற்றினும் பாதுகாப்பானவை.

நோயாளிக்கு ஆசையோடு பார்சல் வாங்கி வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொலைவிலிருந்து பேருந்தில் கொண்டுவரும் பிரியாணி, வழியிலேயே இரண்டு மணி நேரத்தைக் கடந்துவிடும். தருவதற்கு முன் வார்டு செவிலியரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேளுங்கள். துணையிருப்போர் தம் உணவிலும் அக்கறை காட்ட வேண்டும். அவர் படுத்துவிட்டால் நோயாளியின் கைத்தாங்கலே இல்லாமற் போகும்.

பாதிப்பு ஏற்பட்டால்

வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் இழந்த நீரை ஈடுசெய்வதே முதற்பணி. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். அது கிடைக்காதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவில் கலந்து தரலாம். இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு பருகலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை அந்நிலையில் தொடர்வதா என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரைகளைத் தாமாகக் கடையில் வாங்கி உண்ணுதல் கூடாது.

மலத்தில் இரத்தம், அதிகக் காய்ச்சல், எதையும் குடிக்க இயலாத வாந்தி, சிறுநீர் குறைதல், மயக்கம், கண் செருகுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். சில கிருமிகள் மூன்று நாட்கள் கழித்தும் நோயைத் தரும். ஆகவே மூன்று நாட்களுக்கு முன்வரை உண்டவற்றையும் எங்களிடம் கூறுங்கள். எப்போது, என்ன உண்டீர்கள், உடன் உண்டவருள் வேறு யாருக்கு இவ்வாறு ஆயிற்று என்பதெல்லாம் எங்களுக்கு வழிகாட்டும்.

ரசீதைப் பத்திரப்படுத்தி, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அளிக்கலாம். 'நமக்குச் சரியாகிவிட்டது, பிறகெதற்கு' என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் உரிய நேரத்தில் தரும் தகவல், நாளை அதே மேசையில் அமரவிருக்கும் ஒரு குழந்தையைக் காக்கக்கூடும்.