சில நூறு ரூபாய்க்கு ஒரு விண்டோஸ்

டெல்லி நேரு பிளேஸின் படிக்கட்டுகளில் ஒரு காலத்தில் சிடி விற்பவர்கள் வருவோர் போவோரை மறிப்பார்கள். விண்டோஸ், போட்டோஷாப், டாலி, எது கேட்டாலும் கிடைக்கும். மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு, எங்கும் இதே கதைதான். இன்று அந்த சிடிக்கு மதிப்பில்லை. விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விலை அதைத் திறக்கும் 25 எழுத்துகளுக்குத்தான். ஐந்தைந்தாகப் பிரித்த ஒரே வரி. பணம் கட்டிய சில நிமிடங்களில் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து விழுகிறது. டைப் செய்தால் 'விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிட்டது' என்று திரை சொல்கிறது.

2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது இந்தியாவில் அதன் புரோ பதிப்பின் விலை ஏறக்குறைய 15,000 ரூபாய். ஹோம் பதிப்பு 7,999 ரூபாய். அந்த அளவு விலையுள்ள பொருள், தயாரித்த கம்பெனியின் சர்வரே தலையாட்டும்படியாக, சில நூறு ரூபாய்க்கு எப்படிக் கிடைக்கிறது?

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. தனிநபர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் என்று கம்பெனி அறிவித்தது. ஆடிட்டர் அலுவலகம், டியூஷன் சென்டர், மொத்த வியாபாரக் கடை என்று பழைய கம்ப்யூட்டரை வைத்துக் காலம் தள்ளும் இடங்களில் எல்லாம் 'அப்கிரேடு கீ' தேடும் படலம் தொடங்கியது.

தேடுகிறவர்களில் பலருக்கு அந்தக் கீ தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. முறையான விண்டோஸ் 10 ஓடும் கம்ப்யூட்டர், தகுதியுள்ளதாக இருந்தால், விண்டோஸ் 11-க்கு மாறக் கட்டணம் கிடையாது. 2021 அக்டோபரில் அது வெளியான நாளிலிருந்தே அப்படித்தான். தகுதி என்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப், 4 ஜி.பி. ராம், ஏறக்குறைய 2018-க்குப் பிந்தைய பிராசஸர். இவை இல்லாத மெஷினுக்கு எந்தக் கீயும் தகுதியை வாங்கித் தராது. இன்னொன்று: 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, பிராண்டட் லேப்டாப்களில் கீ மதர்போர்டுக்குள்ளேயே பதிக்கப்பட்டு வருகிறது. அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் காணாமல் போனதற்குக் காரணம் அதுதான். ஃபார்மட் செய்துவிட்டு அதே பதிப்பை மறுபடி ஏற்றினால், விண்டோஸ் கீயைத் தானே எடுத்துக்கொள்ளும். அதற்கும் 'ஒரிஜினல் கீ' என்று சர்வீஸ் கடையில் தனியாகக் காசு வாங்கினால், அது வாடிக்கையாளரின் பொருளை அவருக்கே விற்ற கணக்கு.

உண்மையிலேயே கீ தேவைப்படுகிறவர்கள் இரண்டு வகை. ஒன்று, கடையில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்காரர்கள். மற்றது, லேப்டாப்போடு ஹோம் பதிப்பு வந்து, வேலைக்குப் புரோ வேண்டியவர்கள். முழு டிஸ்கையும் பூட்டும் பிட்லாக்கர் வசதி, வெளியிலிருந்து தன் கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப், அலுவலக டொமைனில் சேர்வது எல்லாம் புரோவில்தான் முழுமையாக உண்டு. வீட்டிலிருந்து கணக்கு எழுதும் ஒருவருக்கு இது ஆடம்பரம் அல்ல. முழு விலையும் அவருக்குக் கட்டுப்படியாகாது.

கீ என்ற ஏற்பாடே ஆரம்பத்தில் சிரிப்புக்கு இடமாகத்தான் இருந்தது. 1995-ல் வந்த விண்டோஸ் 95, கடைசி ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை ஏழால் வகுபடுகிறதா என்று மட்டுமே பார்த்தது. வரிசையாக ஒன்று ஒன்றாக அடித்தாலே கதவு திறந்துவிடும். 2001-ல் எக்ஸ்பி வந்தபோதுதான் கம்பெனியின் சர்வரிடம் அனுமதி கேட்கும் ஆக்டிவேஷன் முறை வந்தது. அதிலும் ஓட்டை இருந்தது. பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தந்த பிரதிகளுக்கு ஆக்டிவேஷன் வேண்டாம் என்று விட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு கீ வெளியே கசிந்து உலகத்தையே சுற்றி வந்தது. இந்தியாவில் எக்ஸ்பி போட்ட கடைக்காரர்கள் பலருக்கு அது மனப்பாடம்.

இன்றைய மலிவுச் சந்தையும் அதே மொத்த வியாபார வாசல் வழியாகத்தான் பெருமளவு நடக்கிறது. விண்டோஸ் கீ மூன்று வகைப்படும். தனிநபருக்கு விற்கும் ரீடெய்ல் கீயை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். தயாரிப்பாளருக்குத் தரும் ஓ.இ.எம். கீ, முதலில் ஏறிய மெஷினோடு முடிந்தது. மூன்றாவது, நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரும் வால்யூம் கீ. இதில் எம்.ஏ.கே. என்ற ரகத்தில் ஒரே கீ குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கம்ப்யூட்டர்களைத் திறக்கும். 500 பேர் அலுவலகத்தின் கீயில் 300-தான் செலவாகியிருக்கிறது என்றால், மிச்சம் 200-ஐ யாராவது வெளியே விற்க முடியும். கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களின் ஓ.இ.எம். கீகள், விலை குறைந்த நாடுகளில் வாங்கியவை, கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகத் தந்தவை ஆகியவையும் இந்தச் சந்தைக்கு வருகின்றன.

சர்வர் ஏன் தலையாட்டுகிறது என்பதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது. கீ உண்மையானதா, எண்ணிக்கை மிச்சம் இருக்கிறதா என்றுதான் அது பார்க்கிறது. கீயை டைப் செய்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 'ஆக்டிவேட் ஆகிவிட்டது' என்ற வாசகம் லைசென்ஸ் பத்திரம் அல்ல. விற்பவரின் 'நூறு சதவீதம் ஒரிஜினல்' என்ற விளம்பரமும் பொய் அல்ல. கீ ஒரிஜினல்தான், விற்கும் உரிமைதான் அவரிடம் இல்லை. கீ அளவுக்கு மீறிப் புழங்குவதைக் கண்டு கம்பெனி முடக்கினால், சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் திரையின் மூலையில் 'ஆக்டிவேட் செய்யவும்' என்ற எழுத்து தோன்றும். அதற்குள் விற்றவர் பெயரை மாற்றிக்கொண்டு வேறு கடை திறந்திருக்கலாம்.

விற்பவர்கள் ஐரோப்பாவைச் சாட்சிக்கு அழைப்பதுண்டு. யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மானிய நிறுவனத்துக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2012 ஜூலை 3-ல் பழைய லைசென்ஸை மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது உண்மை. அவர்கள் சொல்லாமல் விடுவது அதே தீர்ப்பின் நிபந்தனைகளை. விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். மொத்த லைசென்ஸை உடைத்து மிச்சத்தைச் சில்லறையாக விற்கக் கூடாது. மலிவுக் கீயில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாவது காரியம்தான். போதாக்குறைக்கு, அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது.

இங்கே சட்டம் வாங்குகிறவரையும் தொடும். பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த 63பி பிரிவின்படி, சட்டவிரோதப் பிரதி என்று தெரிந்தே அதைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபார லாபத்துக்காக அல்ல என்றால் சிறையைத் தவிர்த்து, அபராதத்தை 50,000 ரூபாய்க்குள் நிறுத்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 'தெரிந்தே' என்ற சொல்தான் வாங்கியவருக்குக் கவசம். பில் இல்லாமல் இருபதில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிய ஒரு கம்பெனி முதலாளி, தனக்கு எதுவும் தெரியாது என்று சாதிப்பது கஷ்டம். வீட்டில் படிக்கும் மாணவனைத் தேடி யாரும் வரப்போவதில்லை. பத்து கம்ப்யூட்டர் வைத்த அலுவலகத்துக்கு அந்த நிம்மதி இல்லை. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேரை ஏற்றிக் கம்ப்யூட்டர் விற்ற ஒரு தரப்பு மைக்ரோசாஃப்ட்டுக்கு 19.75 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது.

இத்தனைக்கும் நேர்மையான தள்ளுபடி நடக்காத காரியம் அல்ல. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, பழைய விண்டோஸ் வைத்திருந்த இந்தியர்களுக்குப் புரோ பதிப்பை மைக்ரோசாஃப்ட்டே 1,999 ரூபாய்க்கு இறக்கிக்கொள்ளக் கொடுத்தது. அப்போது புது கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு 699 ரூபாய்தான். 2013 ஜனவரி 31-ல் சலுகை முடிந்தது. அந்த விலை நிலைத்திருந்தால் இந்தச் சந்தையில் பாதி இருந்திருக்காது என்று தோன்றுகிறது. சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. 2017-க்குத் தந்த கணக்கில், இந்தியக் கம்ப்யூட்டர்களில் ஏற்றிய சாஃப்ட்வேரில் 56 சதவீதம் லைசென்ஸ் இல்லாதது. இது புகார் சொல்லும் தரப்பின் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே மலிவாக வாங்கிவிட்டவர்கள் தங்களிடம் இருப்பது எது என்று பார்க்க வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற கட்டளையோடு இடைவெளி விட்டு, சாய்கோடும் டி.எல்.ஐ. என்ற மூன்றெழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் 'ரீடெய்ல்' என்று இருந்தால் கீயின் ரகமாவது தனிநபருக்கானது. 'ஓ.இ.எம்.' என்று இருந்து, கம்ப்யூட்டரோடு வந்ததாக இல்லாவிட்டால், அது வேறு ஏதோ மெஷினுக்கு உரியதாக இருக்கலாம். 'வால்யூம் கே.எம்.எஸ்.' என்று இருந்தால், 180 நாளுக்குள் ஏதோ ஒரு சர்வரிடம் போய்ப் புதுப்பித்தாக வேண்டும். அந்த சர்வர் யாருடையது என்று கடைக்காரரைக் கேட்கலாம். 'வால்யூம் எம்.ஏ.கே.' என்று இருந்தால், முன்பின் தெரியாத ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்கில் அந்தக் கம்ப்யூட்டரும் ஒன்று.