கம்பிக்கு முன்னால் கடைவாய்ப்பல்

பல்லுக்குக் கம்பி போடுவது ஒருநாளில் முடிகிற வேலையில்லை. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போய்க் கம்பியை மாற்றிக்கொண்டு வர வேண்டும். இப்படியே ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு ஓடும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரம் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கனமானது. பல் சீரமைப்பு நிபுணரைப் பார்க்கப் பெரும்பாலும் தேனிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து மதுரைக்கு. விடியுமுன் ஜீப் ஏறி, மலை தாண்டி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற தாய் தகப்பனுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலியைக் கொண்டுபோகும். சிகிச்சைக்கான சில பத்தாயிரம் ரூபாய் தனி. அதனால் கம்பியை எந்த வயதில் போடுவது என்பது இங்கே குடும்ப வருமானத்தையும் தொடுகிற கேள்வி. அதற்கு இரண்டு பதில்கள் வழக்கத்தில் இருக்கின்றன. விழுந்து முளைக்கிற பல்தானே, வரன் பார்க்கிற காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஊர்ப்பக்கத்துப் பதில். ஏழெட்டு வயதிலேயே தொடங்கிவிட்டால் பிறகு தொல்லையே இல்லை என்பது விளம்பரங்கள் சொல்லும் பதில். இரண்டுமே குழந்தைக்கு நல்லதல்ல என்று நினைக்கிறேன். ஏழு வயதில் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பார்த்த பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்குக் கம்பி போடாமல் காத்திருக்க வேண்டும். சில கோளாறுகளை மட்டும் அப்போதே சரிசெய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, பால்பல் சொத்தையாகாமல் காக்க வேண்டும்.

ஏழு வயது என்பது யாரோ மனம்போனபடி சொன்ன எண் அல்ல. அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்களின் சங்கம் அந்த வயதுக்குள் ஒரு பரிசோதனை வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. காரணம் எளிது. ஆறு வயதில் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையொட்டிக் கீழ் முன்பற்களும், ஏழெட்டு வயதில் மேல் முன்பற்களும் வருகின்றன. இருபது பால்பற்கள் போய் நிரந்தரப் பற்கள் வந்துசேரப் பன்னிரண்டு வயது ஆகிவிடும். இடைப்பட்ட ஆறு ஆண்டுகளும் வாய்க்குள் இரண்டு தலைமுறைப் பற்கள் கலந்து நிற்கும். அப்போது பார்க்க அழகாக இராது. மேல் முன்பற்கள் இரண்டும் விசிறிபோல் விலகி, நடுவில் சந்து தெரியும். சிறிய முகத்தில் பெரிய பற்களாகத் துருத்தும். பெற்றோர் பதறுவது இந்தக் கட்டத்தில்தான். மேலே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால்தான் அந்தச் சந்து. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பற்கள் இறங்கி முடிந்ததும் பல குழந்தைகளுக்கு அது தானாகவே மூடிக்கொள்ளும். அதை எட்டு வயதில் கம்பியால் மூட முயல்வது வீண்செலவு. கோரைப்பல்லின் பாதையில் குறுக்கிடும் ஆபத்தும் உண்டு.

சந்து தானாக மூடும், சரி. மேல்வரிசை நன்றாக முன்தள்ளி நிற்கிற, எத்துப்பல் என்று நாம் சொல்கிற கோளாறும் தானாகச் சரியாகுமா? ஆகாது. ஆனால் அதற்கும் அவசரம் தேவையா என்பதைப் பல நாடுகளில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கெவின் ஓ'பிரையன் குழுவினர் எட்டு முதல் பத்து வயதுவரையிலான 174 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே தாடைக் கருவி பொருத்தினார்கள். மறு பிரிவை வளரவிட்டுப் பிறகு சிகிச்சை தந்தார்கள். பத்து ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 2009இல் வெளிவந்தது. தாடை அமைப்பில் இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. சீக்கிரம் தொடங்கியவர்கள் அதிக முறை மருத்துவரிடம் போயிருந்தார்கள், அதிகம் செலவழித்திருந்தார்கள், அவர்களுடைய பற்கள் கடைசியில் பொருந்திய விதமும் சற்றுக் குறைவாகவே இருந்தது. அமெரிக்காவில் வடக்கு கரோலினாவிலும் புளோரிடாவிலும் நடந்த சோதனைகளும் இதே திசையைத்தான் காட்டின. இவற்றையெல்லாம் சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2013இல் வெளியானது. அதன் முதன்மை ஆசிரியர் பத்ரி திருவேங்கடாசாரி. ஏழு வயதிலிருந்து பதினொரு வயதுக்குள் ஒரு சுற்று, வளரிளம் பருவத்தில் இன்னொரு சுற்று என்று இரண்டு முறை சிகிச்சை பெற்றவர்களுக்கு, ஒரே சுற்றில் முடித்துக்கொண்டவர்களைவிடக் கூடுதல் பலன் ஒன்றே ஒன்றுதான்: விழுந்து அடிபட்டு முன்பல் உடைவது குறைந்தது.

அந்த ஒரு பலனை அற்பமென்று தள்ளிவிடவும் முடியாது. மேல்பல் கீழ்ப்பல்லைவிட மூன்று மில்லிமீட்டருக்கு மேல் முன்தள்ளி நின்றால், அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அதே மதிப்பாய்வின்படி, ஒரு குழந்தையின் பல்லைக் காப்பாற்ற ஏறத்தாழ பத்துக் குழந்தைகளுக்கு முன்கூட்டிய சிகிச்சை தர வேண்டியிருக்கிறது. ஆகவே உதடு மூடாத அளவுக்குப் பல் துருத்தி, ஓயாமல் ஓடி விழுகிற குழந்தைக்கு இது பொருந்தலாம், எல்லோருக்கும் பொருந்தாது. (பேச்சோடு பேச்சாக ஒன்று: நிரந்தரப் பல் அடிபட்டு முழுதாக வெளியே விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டுக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள், ஒரு மணி நேரத்துக்குள் போனால் திரும்பப் பொருத்திக் காப்பாற்றும் வாய்ப்பு இருக்கிறது. பால்பல்லை மட்டும் திரும்பச் செருகக் கூடாது.)

காத்திருக்கக் கூடாத கோளாறுகள் வேறு. மேல் முன்பல் ஒன்று கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், ஒவ்வொரு கடியிலும் கீழ்ப்பல் முன்னுக்குத் தள்ளப்பட்டு அதன் ஈறு இறங்கும், எனாமல் தேயும். கழற்றி மாட்டுகிற ஒரு சிறு தகடு சில மாதங்களில் அதைச் சரிசெய்துவிடும். மேல்தாடை குறுகியிருப்பதால் கடைவாய்ப்பற்கள் ஒரு பக்கம் மாறிக் கடித்து, வாயை மூடும்போது மோவாய் ஒருபுறம் ஒதுங்கினால் அதையும் தள்ளிப்போடலாகாது. அண்ணத்தின் நடுவே இருக்கும் எலும்புப் பொருத்து வளர்ச்சிக் காலத்தில் விரிந்து கொடுக்கும். பருவமடைந்த பின் இறுகிவிடும். கீழ்த்தாடை முன்னும் மேல்தாடை பின்னுமாக அமைந்த முகத்துக்கும் சிறு வயதுதான் வாய்ப்பு. இங்கிலாந்தில் நிக்கி மாண்டல் குழுவினர் ஏழு முதல் ஒன்பது வயதுவரையிலான 73 குழந்தைகளில் பாதிப்பேருக்கு, முகத்துக்கு வெளியே மாட்டி மேல்தாடையை முன்னிழுக்கும் கருவியைக் கொடுத்தார்கள். ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, தாடை அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலையில் இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 36 விழுக்காடு. கருவி போடாத பிரிவில் 66 விழுக்காடு. பின்னாளில் நடக்கக்கூடிய தாடை அறுவையைத் தவிர்க்க எட்டு வயதில் படும் பாடு நியாயமானதே.

பத்து வயதில் கவனிக்க வேண்டியது கோரைப்பல். மேலுதட்டைத் தூக்கிப் பால் கோரைப்பல்லுக்கு மேலே ஈற்றில் விரலை வைத்து அழுத்தினால், இறங்கிவரும் நிரந்தரப் பல்லின் மேடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால், அல்லது ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டால், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்; பல் அண்ணத்தின் பக்கமாகத் திசைமாறிப் போயிருக்கலாம். 1988இல் சுவீடனில் எரிக்சனும் குரோலும் வெளியிட்ட ஆய்வில், பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் பால் கோரைப்பல்லை மட்டும் பிடுங்கிவிட்டதில், வழிதவறிய 46 பற்களில் 36 தாமாகவே பாதைக்குத் திரும்பின. கம்பியே இல்லாமல் ஒரு பல்லைப் பிடுங்குவதோடு முடிகிற சிகிச்சை இது. விரல் சப்பும் பழக்கமும் இந்தக் கணக்கில் வரும். முன்பற்கள் முளைக்கும் முன், ஐந்தாறு வயதுக்குள் விட்டுவிட்டால், மேலும் கீழும் சேராமல் திறந்து நிற்கும் கடி பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். வேப்பெண்ணெய் தடவி அழவைப்பதைவிட, சப்பாத நாள்களைக் காலண்டரில் குறித்துப் பாராட்டுவது குழந்தைக்கும் நல்லது, பலனும் தரும்.

இத்தனை சொன்ன பிறகும், கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் பல் வரிசைக்காகச் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் எதுவென்று கேட்டால், பால் கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றுவது என்றே சொல்வேன். விழப்போகிற பல்லுக்கு எதற்கு வைத்தியம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதோடு அதன் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். முன்பல் ஆறேழு வயதில் விழுவது உண்மைதான். ஆனால் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் பத்திலிருந்து பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டிய பல். அடியில் உருவாகும் நிரந்தரப் பல்லுக்கு அதுதான் இடம்பிடித்து வைத்திருக்கிறது. அது ஐந்து வயதில் சொத்தையாகிப் பிடுங்கப்பட்டால், பின்னால் முளைக்கிற ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தை அபகரித்துக்கொள்ளும். பிடுங்கிய முதல் ஆறு மாதத்திலேயே இழப்பு அதிகம். பத்துப் பதினோரு வயதில் உரிய பல் வரும்போது இடமில்லை. அது வெளியே தெத்தும், உள்ளே ஒதுங்கும், சில சமயம் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு இடம் உண்டாக்க நல்ல பற்களைப் பிடுங்கி, இரண்டாண்டு கம்பி போட வேண்டிவரும். பரம்பரைத் தெத்துப்பல்லை நாம் தடுக்க முடியாது. இப்படி உண்டாகும் தெத்துப்பல்லைத் தடுக்க முடியும். இரவில் சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையைத் தூங்கவிடாமல் இருப்பதும், ஃபுளோரைடு பற்பசையை மூன்று வயதுவரை அரிசியளவும் பிறகு பட்டாணியளவும் வைத்துப் பெரியவர் கையால் தேய்த்துவிடுவதும், சொத்தை கரும்புள்ளியாக இருக்கும்போதே அடைப்பதும் போதும். பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த இடம் மூடாமல் இருக்க ஒரு வளையமும் கம்பி வளைவும் கொண்ட சிறு கருவியைப் பொருத்தச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பெரிய நிபுணர் தேவையில்லை.

அந்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எந்தப் பால்பல்லும் விழாமல், வரிசையின் கடைசியில் ஓசையின்றி முளைக்கிறது. அதனால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணிச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய பல் அது. போனால் மறுபடி முளைக்காது.

பள்ளியில் கேலி செய்வார்களே, அந்த வேதனைக்காகவாவது சீக்கிரம் கம்பி போடக் கூடாதா என்று கேட்பவர்களை மறுத்துப் பேச எனக்கு மனமில்லை. மேலே சொன்ன இங்கிலாந்து ஆய்வே, கருவி போட்ட முதல் பதினைந்து மாதங்களில் குழந்தைகளின் தன்மதிப்பு கூடியதையும் கேலி குறைந்ததையும் பதிவு செய்திருக்கிறது. வளர்ந்து முடித்தபோது இரு பிரிவுக்கும் அந்த வேறுபாடு இல்லாமல் போனது. ஆகவே குழந்தை உண்மையாகவே ஒடுங்கிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறதென்றால், அந்தக் காரணத்துக்காகவே சிகிச்சை தொடங்கலாம். பன்னிரண்டு வயதில் இன்னொரு சுற்று வரும் என்று தெரிந்து தொடங்க வேண்டும். மாட்டிக்கொண்டு தூங்கினாலே பல் நேராகிவிடும் என்று விற்கப்படும் ரப்பர் ட்ரெய்னர்களுக்கு அப்படிப்பட்ட வலுவான ஆதாரம் இல்லை. அந்தக் காலத்தில் யார் கம்பி போட்டார்கள் என்பாரும் உண்டு. அந்தக் காலத்திலும் எத்துப்பல்லும் தெத்துப்பல்லும் இருந்தன. இருபது வயதுக்குள் கடைவாய்ப்பல்லைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் தாங்கிக்கொண்டார்கள் என்பது நம் குழந்தைகளும் தாங்க வேண்டும் என்பதற்குக் காரணமாகாது.

வரன் பார்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிற பதிலுக்கும் வருவோம். இருபது வயதுக்கு மேலும் பற்களை நகர்த்த முடியும், அதில் ஐயமில்லை. ஆனால் தாடையின் வளர்ச்சி முடிந்துவிட்டதால், எலும்பு அமைப்பில் உள்ள கோளாறுக்கு அறுவை சிகிச்சைதான் மிஞ்சும். தவிர, பெண்ணின் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு அவசரமாகக் கம்பி போடுகிறவர்கள், கழற்றிய பிறகு பற்களைப் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை அணியாமல் விட்டுவிடுவதுண்டு. பற்கள் பழைய இடத்துக்கே திரும்பத் தொடங்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏற்ற காலம் பதினொன்றிலிருந்து பதினான்கு வயது. வளர்ச்சி மிச்சமிருக்கும், பற்கள் வந்திருக்கும், ஒரே சுற்றில் முடியும். அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. கம்பிக்கு இடையே துலக்கத் தெரியாத, ஒட்டும் கடலை மிட்டாயைக் கைவிட மனமில்லாத பிள்ளைக்குக் கம்பி போட்டால், கழற்றும் நாளில் பல் நேராக இருக்கும், எனாமலில் வெள்ளைத் திட்டுகளும் இருக்கும்.

அரசின் கையில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வருகின்றன. பல் நோயும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உள்ளது. தேசிய வழிகாட்டுதலின்படி அந்தக் குழுவில் பல் மருத்துவர் கிடையாது. இருந்தாலும் மாறிக் கடிக்கும் பல்லைக் கண்டுபிடிக்கப் பல் மருத்துவர் தேவையில்லை. இரண்டாம் வகுப்புக் குழந்தையை மெதுவாகக் கடிக்கச் சொல்லி, மேல்வரிசை கீழ்வரிசைக்கு வெளியே நிற்கிறதா, மோவாய் ஒதுங்குகிறதா, ஒரு பக்கம் முளைத்த பல்லுக்கு மறுபக்கத்து ஜோடி ஆறு மாதமாகியும் வராமல் இருக்கிறதா, கடைவாயில் சொத்தை உண்டா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். சந்தேகம் வந்தால் உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ போடியிலோ உள்ள ஏதாவது ஒரு பல் மருத்துவரிடம் முதலில் காட்டலாம். பட்டப்படிப்பு முடித்த எந்தப் பல் மருத்துவராலும் இதை இனம் காண முடியும். தேனி மாவட்டத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இல்லை. 2023இல் புதுக்கோட்டையில் திறக்கப்பட்ட கல்லூரியும் இங்கிருந்து தொலைவுதான். இங்கே ஒன்று வரும்வரை, பள்ளிக்கு வரும் குழு தன் படிவத்தில் கடியையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் தங்கள் பிள்ளையின் ஏழாவது வயதில் ஒரு நாள் கூலியை இதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும். மருத்துவர் பார்த்துவிட்டு இப்போது ஒன்றும் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொன்னால் ஏமாந்ததாக எண்ணாதீர்கள். அவர் சரியான சிகிச்சையைத்தான் சொல்லியிருக்கிறார்.