கணக்குப் போடும் டிராம் காதலர்கள்

நாட்டின் கடைசி டிராமைக் காப்பாற்ற கொல்கத்தாவில் சிலர் சம்பளமில்லாமல் எழுதிக் குவிக்கிறார்கள். பழம்பெருமை பேசிப் பலனில்லை என்று தெரிந்ததால் இப்போது மின்சாரக் கணக்கைக் கையில் எடுத்திருக்கிறார்கள்.

தெற்குக் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதிக்குள் நுழையும் தமிழருக்கு ஊர் நினைவு வராமல் போகாது. வாழை இலையும் கறிவேப்பிலையும் காபிப் பொடியும் கிடைக்கும் இடம் அது. ஸ்டெனோவாகவும் கணக்கராகவும் வேலை தேடி வந்து இங்கே குடியேறிய தலைமுறைக்கு இன்னொரு வசதியும் இருந்தது. ராஷ் பிஹாரி அவென்யூவில் கணகணவென்று மணியடித்துக்கொண்டு வரும் டிராம்தான் அது. அலுவலகங்கள் குவிந்திருந்த டல்ஹௌசி சதுக்கத்துக்குச் சில்லறைக் காசில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்தியாவில் டிராம் பிறந்த ஊர் கொல்கத்தா. 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரைகள் இழுத்த பெட்டி ஓடியது. ஆனால் மின்சார டிராம் விஷயத்தில் முந்திக்கொண்டது சென்னை. அங்கே 1895இலேயே மின்சார டிராம் வந்துவிட்டது. கொல்கத்தாவில் எஸ்பிளனேட் - கிதிர்பூர் இடையே அது ஓட 1902 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவு மட்டும் வேறு மாதிரி. சென்னையில் டிராம் கம்பெனி நஷ்டத்தில் மூழ்கி 1953 ஏப்ரலில் வண்டிகள் நின்றன. அதே ஆண்டு ஜூலையில் கொல்கத்தாவில் டிராம் கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததற்கு ஊரே தெருவில் இறங்கியது. ஒரு பைசாவுக்காகக் கொதித்த அந்த நகரத்தில், 2024 செப்டம்பரில் அன்றைய போக்குவரத்து அமைச்சர் சினேகாசிஷ் சக்ரவர்த்தி எஸ்பிளனேட் - மைதான் இடையே பாரம்பரியச் சின்னமாக ஓடும் ஒரு தடத்தைத் தவிர டிராம் இனி வேண்டாம் என்று அறிவித்தபோது, பதாகையுடன் வந்து நின்றவர்கள் சிறு கூட்டம்தான்.

அந்தச் சிறு கூட்டத்தின் பெயர் கல்கத்தா டிராம் பயன்படுத்துவோர் சங்கம். 2016இல் உருவானது. தலைவர் தேபாஷிஷ் பட்டாச்சார்யா, உயிர்வேதியியல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர்களில் நரைத்த தலைகளும் உண்டு, கல்லூரிப் பையன்களும் உண்டு. இவர்களுடைய முக்கிய ஆயுதம் காகிதம்தான். போக்குவரத்துத் துறைக்கு மனு, காவல் துறைக்குக் கடிதம், பத்திரிகைகளுக்குக் கட்டுரை, பயணிகளுக்குத் துண்டுப் பிரசுரம் என்று ஓயாமல் எழுதுகிறார்கள். ஒரு தடம் நிறுத்தப்பட்டால் உடனே காரணம் கேட்கிறார்கள்.

டிராம் என்றதும் கொல்கத்தாக்காரர்கள் நெகிழ்ந்துவிடுவார்கள். சத்யஜித் ராய் படங்களில் வரும் டிராம், கவிஞர் ஜீவனானந்த தாஸ் 1954இல் அடிபட்டு இறந்த டிராம் என்று பேச்சு நீளும். சிக்கலே அங்குதான். நெகிழ்ச்சியை அரசு சுலபமாகச் சமாளித்துவிடுகிறது. பழைய பெட்டி ஒன்றை அருங்காட்சியகமாக்கி எஸ்பிளனேடில் நிறுத்தியது. இன்னொன்றில் புத்தக அலமாரி வைத்து நூலக டிராம் என்றது. ஊறுகாய் போடப்பட்ட டிராமை எல்லோரும் ரசிக்கிறார்கள். வேலைக்குப் போகிறவனுக்கு அது பயன்படுமா என்பதே சங்கத்தின் கேள்வி.

அதற்கான பதிலை இவர்கள் எரிசக்தியிலிருந்து தொடங்குகிறார்கள். சுமை வண்டியைத் தார்ச்சாலையில் தள்ளுவதற்கும் தண்டவாளத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அடிப்படை. ரப்பர் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலில் சக்தி வீணாகிறது. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருளும்போது இந்தத் தடை பல மடங்கு குறைவு. டயர் தேய்ந்து தூசியாவதும் இல்லை. மின்சாரம் தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து 550 வோல்ட்டில் நேராக வருகிறது. மின்சார பஸ்ஸோ தன் பேட்டரியையும் சேர்த்தே நாள் முழுக்கச் சுமக்கிறது. அந்த பேட்டரியைச் சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும்.

ஆயுளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 15 ஆண்டு தாண்டிய வணிக வாகனங்கள் நகரத் தெருக்களிலிருந்து விலக வேண்டும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008இல் உத்தரவிட்டது. டிராம் பெட்டியோ பழுது பார்த்துப் பழுது பார்த்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த உத்தரவின் கணக்குப்படி ஒரு டிராமின் காலத்தில் மூன்று பஸ்களைத் தயாரித்து உடைத்தாக வேண்டும். அதற்கான இரும்பையும் நிலக்கரியையும் எந்த டிக்கெட்டிலும் யாரும் சேர்ப்பதில்லை.

இந்த வாதத்தில் ஓட்டைகளும் உண்டு. கொல்கத்தாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்து வருகிறது. டிராம் தெருவில் புகைவிடாவிட்டாலும் எங்கோ ஒரு புகைபோக்கி அதன் பங்கையும் சேர்த்துக் கக்கத்தான் செய்கிறது. தவிர, டிராம் கனமான வண்டி. நாலைந்து பேரோடு ஊர்ந்து போகும்போது சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிறைய பேர் ஏறினால்தான் கணக்கு சரிவரும்.

முதல் ஓட்டையை அடைக்க ஆஸ்திரேலியாவில் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய டிராம் அமைப்பைக் கொண்ட மெல்போர்ன், 2019இலிருந்து தன் டிராம்கள் செலவிடும் அளவுக்கு ஈடான மின்சாரத்தைச் சூரியசக்திப் பண்ணைகளில் உற்பத்தி செய்ய ஏற்பாடு செய்தது. வண்டியையும் கம்பியையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் வரும் இடம் மாறினால் போதுமானதாக இருந்தது. மெல்போர்னுக்கும் கொல்கத்தாவுக்கும் உறவு பழையது. அந்த ஊர் டிராம் கண்டக்டர் ராபர்ட்டோ டி'ஆண்ட்ரியாவும் நண்பர்களும் 1996இல் இங்கே ‘டிராம்ஜாத்ரா’ என்ற விழாவைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து மெல்போர்ன் தன் கண்டக்டர்களையே ஒழித்துவிட்டது. கொல்கத்தா டிராமில் கண்டக்டர் இருந்தார், ஆனால் டிராம் குறைந்துகொண்டே வந்தது.

எப்படிக் குறைந்தது? இங்கேதான் சங்கத்தினரின் காகிதங்கள் சூடாகின்றன. டிராம் மெதுவாகப் போகிறது, நெரிசலை உண்டாக்குகிறது, நகரப் பரப்பில் சாலை வெறும் 6 சதவீதம் என்பது அரசுத் தரப்பு. ஆனால் முன்பு பல சாலைகளில் டிராமுக்கென்று நடுவில் தனிப்பாதை இருந்தது. அதைக் கான்கிரீட் போட்டு மற்ற வாகனங்களுக்கும் திறந்துவிட்ட பிறகு டிராம், காருக்குப் பின்னால் காத்து நிற்க ஆரம்பித்தது. அதன் வேகத்தைப் பறித்துவிட்டு மெதுவாகப் போகிறது என்று குற்றம் சாட்டுவது நியாயமாகப் படவில்லை.

1943இல் ஹௌரா பாலம் திறந்தபோது முதலில் கடந்தது ஒரு டிராம்தான். பாலம் பாரம் தாங்காது என்று 1993இல் அங்கே டிராம் நின்றது. ரயில் நிலையத்தோடு இருந்த தொடர்பு அறுந்தது. அதற்குச் சற்று முன், 1992இல், டிராம் கம்பெனியே பஸ் ஓட்டத் தொடங்கியிருந்தது. மேம்பாலம் கட்டும்போதும் மெட்ரோ தோண்டும்போதும் தற்காலிகம் என்று சொல்லி நிறுத்திய தடங்கள் திரும்பவில்லை. டிப்போ நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. 2011இல் 37 தடங்கள் இருந்தன. 2024இல் அந்த அறிவிப்பு வந்த சமயத்தில் எஞ்சியவை ஷியாம்பஜார் - எஸ்பிளனேட், கடியாஹாட் - எஸ்பிளனேட் என இரண்டு.

இந்த வீழ்ச்சிக்கு நடுவில் 2019இல், மின்சார பஸ்களுக்காகப் பசுமைப் போக்குவரத்துப் பிரிவில் உலக நகரங்களின் சி40 விருதையும் கொல்கத்தா பெற்றது. மிதிவண்டிக்கும் இங்கே மரியாதை குறைவுதான். 2013இல் நூற்றுக்கும் மேற்பட்ட சாலைகளில் அதற்குத் தடை வந்து, எதிர்ப்புக்குப் பின் ஓரளவு தளர்ந்தது. பெட்ரோலே குடிக்காத வாகனத்தை நெரிசலுக்குப் பொறுப்பாக்கும் வழக்கம் டிராமோடு நிற்கவில்லை.

எழுதி எழுதிக் கை வலித்தவர்களுக்கு நீதிமன்றத்தில் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. பொதுநல வழக்கு ஒன்றில், டிராமை மீட்பது எப்படி என்று ஆராயக் குழு அமைக்குமாறு கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி டி. எஸ். சிவஞானம். டிராமை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தொலைத்த சென்னையிலிருந்து வந்தவர். தண்டவாளங்களின் மேல் தார் ஊற்றி மூடுவதாகப் புகார் வந்ததும், அதை நிறுத்துமாறு 2025 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. இது சாதாரண உத்தரவல்ல. தண்டவாளம் மண்ணில் இருக்கும்வரை டிராமைத் திரும்பக் கொண்டுவர ஆகும் செலவு கம்பிக்கும் வண்டிக்கும்தான். அதைப் பெயர்த்து எடுத்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், அதற்குப் பணம் ஒதுக்க எந்த அரசும் முன்வராது.

சங்கத்தினர் கேட்கும் தடங்களில் ஒன்று எஸ்பிளனேட் - கிதிர்பூர். மின்சார டிராம் முதலில் ஓடிய தடம். 2020 மே மாதம் ஆம்பன் புயலில் மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்தன. அதோடு சேவை நின்றது. மைதானத்தின் புல்வெளி வழியே தனிப்பாதையில் போகும் தடம் என்பதால் பெரும்பகுதி தூரத்துக்குக் காரோ பஸ்ஸோ குறுக்கே வராது. நெரிசல் என்ற குற்றச்சாட்டு அங்கே எடுபடாது. பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொள்வதாக அரசு அறிவித்த எஸ்பிளனேட் - மைதான் ஓட்டமும் இதே பக்கத்தில்தான். அதைக் கிதிர்பூர் வரை நீட்டினால் காற்று வாங்கப் போகிறவர்களோடு வேலைக்குப் போகிறவர்களும் ஏறுவார்கள்.